வடக்குக் கூரையின் பாசி

செப்டம்பர் 4, புதன்

இன்றும் கூரையைப் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்று காலையில்தான் தீர்மானம் போட்டேன். துணி எடுக்க வெளியே போனதும் கண் தானாக மேலே போய்விட்டது.

வடக்குப் பக்கம் முழுக்கப் பச்சை. ஏழு மாதத்துக்கு முன் இந்த மரவீட்டுக்குக் குடிவந்தபோது விளிம்பில் ஒரு முழ அகலத்துக்குத்தான் பாசி இருந்தது. "கம்பளம் விரிச்ச மாதிரி எவ்ளோ அழகா இருக்கு" என்று நானே சொல்லியிருக்கிறேன். இப்போது முகடு வரை ஏறிவிட்டது. செதில் செதிலாக அடுக்கிய மரச்சில்லுகள் அதற்கடியில் இருக்கின்றன என்பதே தெரியவில்லை. மழை விட்டு இரண்டு நாளாகிறது. தெற்குப் பக்கம் காய்ந்து சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. வடக்கு மட்டும் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது.

அதற்கு நேர் கீழேதான் உருண்டையின் தொட்டில்.

அவளுக்கு ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. பிறந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தவளுக்கு இவர் வைத்த பெயர் உருண்டை. பெயரைக் காப்பாற்றிவிட்டாள். ஆனால் மூன்று வாரமாக இருமல். இருமல்கூடப் பரவாயில்லை. மூச்சை வெளியே விடும்போது நெஞ்சுக்குள் பூனைக்குட்டி ஒன்று மாட்டிக்கொண்ட மாதிரி மெல்லிய சத்தம். முதல் தடவை வாசலில் நிஜமாகவே பூனை இருக்கிறதா என்று போய்ப் பார்த்தேன்.

இவரிடம் பாசியைக் காட்டினேன். "பாசி வெளியே இருக்கு. பாப்பா உள்ளே இருக்கா. நடுவுல ஒரு கூரை இருக்கேம்மா" என்றார்.

நாற்றுப்பண்ணை வேலை பார்க்கிறவர். பச்சையாக எது முளைத்தாலும் அவருக்கு அது சொந்தக்காரர்.

செப்டம்பர் 6, வெள்ளி

அம்மாவோடு போனில் முக்கால் மணி நேரம். போனை உருண்டையின் நெஞ்சுக்கிட்டே வைக்கச் சொன்னாள். வைத்தேன். கேட்டுவிட்டு ஆரம்பித்தாள்.

"அந்தக் காட்டுக்குள்ள உக்காந்து நீங்க ரெண்டு பேரும் என்ன தவமா பண்றீங்க? குழந்தையைத் தூக்கிட்டு வா."

"இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்கிறேன்மா. சத்தம் நிக்கலைன்னா வந்துடறேன்."

"வந்துடறேன்னா? நாலு நாளைக்கா?"

"அவளுக்கு ரெண்டு வயசு ஆகிற வரைக்கும்."

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. ஒரு வருஷத்துக்கு மேல். இவரால் வர முடியாது. பண்ணையில் தங்கியே ஆக வேண்டிய வேலை, அதற்காகத்தான் இந்த வீட்டையே கொடுத்திருக்கிறார்கள். மாதத்துக்கு ஒருமுறை பேருந்தில் வந்து மகளைப் பார்த்துவிட்டுப் போவார். அவள் யாரோ என்று நினைத்து அழுவாள்.

இதை இவரிடம் சொல்லவில்லை. கோபத்தினால் இல்லை. கோபம் இருந்திருந்தால் என்றைக்கோ சொல்லியிருப்பேன்.

செப்டம்பர் 9, திங்கள்

வேன் அக்கா வந்தாள். பண்ணை வேனை ஓட்டுகிறவள். நாற்றுகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது எங்களுக்கு மளிகையும் கேஸும் கொண்டுவந்து போடுவாள். இறங்கியதும் இடுப்பில் கைவைத்துக் கூரையைப் பார்த்தாள்.

"என்ன, உன் வீட்டுக்காரர் மாடியிலயும் நாத்து போட்டுட்டாரா?"

சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும். அக்கா அதைப் பார்த்துவிட்டாள். சும்மா விடவில்லை, வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தாள்.

"அந்த மரத்தோட ரெண்டு கிளை இந்தப் பக்கம் சாஞ்சு நிக்குது பாரு. வெயிலே படலை. அதை வெட்டு. அப்புறம் நார் பிரஷ் எடுத்து முகட்டுலேர்ந்து கீழ் நோக்கித் தேய். கீழேர்ந்து மேலே தேய்ச்சே, சில்லெல்லாம் வாயைப் பொளந்துக்கும். அடுத்த மழைக்குக் குடை பிடிச்சுக்கிட்டுத்தான் சமைக்கணும்."

சாயங்காலம் இவரிடம் கிளையைப் பற்றிக் கேட்டேன். முகம் மாறிவிட்டது. அது விதை மரமாம். பண்ணையின் பாதி நாற்றுகள் அதன் பிள்ளைகள். வெயில் தேடிச் சாய்ந்த அந்த இரண்டு கிளையில்தான் காய் அதிகம். முற்றி விழ இன்னும் ஒரு மாதம் ஆகும்.

"ஒரே ஒரு மாசம் பொறுத்துக்கோ. பாசியை நான் ஞாயித்துக்கிழமை தேச்சு விட்டுடறேன்."

ஒரு மாதம். என்னிடம் இருப்பது மூன்று வாரம். அது அவருக்குத் தெரியாது. தெரியாமல் வைத்திருப்பது யார்? நான்தான். அப்புறம் தெரியவில்லையே என்று அவர்மேல் ஏன் வருத்தம்?

"சரி" என்றேன். நான் சொல்லும் "சரி"களைச் சேர்த்து வைத்தால் இன்னொரு வீடு கட்டலாம்.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கும் எனக்குத் தெரியும். இதோடு நான்காவது ஞாயிறு.

செப்டம்பர் 11, புதன்

இன்று சத்தம் குறைவு. இல்லை, என் காது பழகிவிட்டதா?

செப்டம்பர் 12, வியாழன்

நாளை இவர் மேட்டுத் தோட்டத்துக்குப் போகிறார். காலையில் போனால் இருட்டும் முன்தான் வருவார். நாளை செய்துவிடப் போகிறேன்.

மூன்று வருஷம் வேதியியல் படித்தேன். படித்தது எதற்கு, துணியில் கறை எடுக்கவா? ப்ளீச்சிங் பவுடர் இரண்டு டப்பா வாங்கிவரச் சொல்லி அக்காவிடம் நேற்றே வாங்கிவிட்டேன். எத்தனை லிட்டர் தண்ணீருக்கு எத்தனை கிராம் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டு, இரண்டு முறை சரிபார்த்தாயிற்று. பண்ணையில் மருந்தடிக்கிற முதுகு டப்பா பின்கட்டில் இருக்கிறது. அதைக் கழுவிப் படிக்கட்டுக்கிட்டே கொண்டுவந்து வைத்துவிட்டேன். கூரை தாழ்வானதுதான், ஏணியில் ஆறு படி ஏறினால் முகடு வரை மருந்து எட்டும். உருண்டையை அக்கா தன் வீட்டுக்குத் தூக்கிப் போகிறேன் என்றிருக்கிறாள். காற்றில் ஒரு துளிகூட அவள்மேல் படக் கூடாது.

முக்கியமானது தண்ணீர். இங்கே தெருக் குழாயெல்லாம் கிடையாது. கூரையில் விழும் மழை விளிம்புத் தகரத்தில் ஓடி, ஒரு குழாய் வழியாக சமையலறைக்குப் பின்னால் இருக்கும் தொட்டிக்குப் போகிறது. குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாம் அதுதான். குழாய் வளைகிற இடத்தில் ஓர் இரும்புக் கைப்பிடி. அரைச் சுற்று திருப்பினால் தண்ணீர் தொட்டிக்குப் போகாமல் வெளியே மண்ணில் போகும். இன்னோர் அரைச் சுற்று திருப்பினால் மறுபடி தொட்டிக்கு. நாள்கணக்கில் காய்ந்து கிடந்து முதல் மழை விழும்போது இவர் ஓடிப்போய் அதை வெளிப்பக்கம் திருப்புவார். கூரை அழுக்கெல்லாம் கழுவி முடிந்ததும் உள்பக்கம். இப்போது மழைக்காலம் தொடர்வதால் இரண்டு வாரமாக உள்பக்கமாகவே இருக்கிறது.

ஆக, முதல் வேலை கைப்பிடி. பிறகுதான் ஏணி.

செப்டம்பர் 13, வெள்ளி

முடித்துவிட்டேன்!

முதலில் கைப்பிடியைத் திருப்பினேன். சரியாக அரைச் சுற்று. இதை எழுதியே வைக்கிறேன், பிறகு யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. அப்புறம் ஏணியை ஊன்றி, முகட்டில் தொடங்கி விளிம்பு வரை அடித்தேன். அரை மணி நேரம் ஊறவிட்டேன். மோட்டாரைப் போட்டுத் தொட்டித் தண்ணீராலேயே ஹோஸ் பிடித்துக் கழுவினேன். பச்சை வெளுத்து, வைக்கோல் நிறத்துக்கு வந்து, ஓரத்தில் பொத்துப் பொத்தென்று விழுந்தது. இப்படி ஒரு காரியத்தைத் தொடங்கி முடித்து எவ்வளவு நாளாகிறது? நினைவே இல்லை. கை நாறுகிறது. சந்தோஷமாக இருக்கிறது.

அதே நாள்

தொட்டிக்குள் போய்விட்டது.

அவள் அந்தத் தண்ணீரில் செய்த கஞ்சி சாப்பிட்டாளா, இல்லையா? தெரியவில்லை. எனக்குத் தெரியவில்லை.

செப்டம்பர் 14, சனி

உருண்டை நன்றாக இருக்கிறாள். முதலில் அதை எழுதிவிடுகிறேன். வாந்தி இல்லை, வயிறு சரியாக இருக்கிறது, காலையில் என் மூக்கைக் கடித்தாள்.

நேற்று ஐந்து மணிக்கு அவளைக் குளிப்பாட்டத் தண்ணீர் பிடித்தேன். கழுவிவிட்ட ஆஸ்பத்திரி நடைபாதை மாதிரி ஒரு வாசனை. என் கைதான் என்று நினைத்தேன். அந்தத் தண்ணீரிலேயே கையைக் கழுவினேன். வாசனை அதிகமானது. பின்னால் ஓடிப்போய்த் தொட்டி மூடியைத் திறந்தால், வெளுத்த பாசித் துணுக்குகள் வட்டம் போட்டு மிதக்கின்றன.

அக்கா அவளைத் திரும்பக் கொண்டுவந்து விட்டதும், நாலு மணிக்கு அவளுக்குக் கஞ்சி காய்ச்சியிருந்தேன். பாத்திரத்தில் தண்ணீர் பிடித்தது எப்போது? ஏணியிலிருந்து இறங்கியதும் பிடித்தேன். அது மருந்தடித்து இறங்கியபோதா, கழுவி முடித்து இறங்கியபோதா? எவ்வளவு யோசித்தாலும் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. ஆறு ஸ்பூன் சாப்பிட்டிருந்தாள். அதை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிற மூளையை என்ன செய்வது?

டவுனில் இருக்கும் குழந்தை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். எவ்வளவு பவுடர், எவ்வளவு தண்ணீர், தொட்டியில் அப்போது எவ்வளவு இருந்திருக்கும் என்று கேட்டார். புள்ளிக்கு அப்புறம் இரண்டு இலக்கம் வரை ஒப்பித்தேன்.

"இவ்ளோ துல்லியமா சொல்றீங்களே..." என்று ஆரம்பித்தார். மேலே சொல்லவில்லை. அந்தப் புண்ணியவதி நிறுத்திக்கொண்டார். அவ்வளவு தண்ணீரில் கலந்ததற்குப் பயப்பட ஒன்றுமில்லை, தாய்ப்பால் கொடுங்கள், வாந்தியோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே கூப்பிடுங்கள், எதற்கும் திங்கட்கிழமை கொண்டு வாருங்கள் என்றார்.

அதன் பிறகு தொட்டியின் அடிக்குழாயைத் திறந்துவிட்டேன். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, வீட்டின் தண்ணீர் முழுவதும் வாசல் வழியாகப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவர் வந்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது. செருப்பு சேற்றில் மாட்டி, ஒற்றைக் காலோடு நின்றார்.

"என்ன ஆச்சு?"

"நான்தான். பாசிக்கு மருந்து அடிச்சேன். எல்லாம் தொட்டிக்குள்ள போயிடுச்சு. கைப்பிடியைத் திருப்பினேன். சத்தியமா திருப்பினேன், முதல் வேலையா அதைத்தான்..."

"திருப்பினியா?"

"திருப்பினேங்க! என்னை நம்பவே மாட்டீங்களா?"

அவர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். சேற்றுக்காலைக்கூடக் கழுவவில்லை.

"நானும் திருப்பினேன்" என்றார். "காலையில. கிளம்பும்போது."

எனக்குப் புரியவில்லை.

"மருந்து டப்பா இடம் மாறி இருந்துச்சு. படிக்கட்டுக்கு அடியில பவுடர். நீ இன்னிக்கு ஏறிடுவேன்னு தெரிஞ்சு போச்சு. மறந்துடப் போறியேன்னு வெளிப்பக்கமாத் திருப்பி வெச்சுட்டுப் போனேன்."

வெளியே போக வேண்டும் என்று அவர் திருப்பியதை, வெளியே போக வேண்டும் என்று நான் திருப்பி, உள்ளே விட்டிருக்கிறேன். அந்தக் கைப்பிடி சுற்றிக்கொண்டே இருக்கும். எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஓர் அடையாளமும் அதில் கிடையாது.

"தெரிஞ்சுதுல்ல? ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொன்னா, ஏறாதேன்னு சொல்லணும். ஏறாதேன்னா சண்டை வரும். மூணு ஞாயித்துக்கிழமையை ஏமாத்திட்டு எந்த முகத்தோட ஏறாதேன்னு சொல்றது?"

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். குழந்தைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று ஆளுக்கொரு பக்கம் வாயை மூடிக்கொண்டு காவல் காத்திருக்கிறோம். ஒருவர் காவலை இன்னொருவர் அவிழ்த்திருக்கிறோம்.

வாயைத் திறந்தது திறந்ததுதான் என்று மீதியையும் சொன்னேன். அம்மாவிடம் சொன்ன மாதக் கடைசி. இரண்டு வயது வரை.

தொட்டி காலியாகும் சத்தம் நின்றது. பிறகு உருண்டையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு கேட்டார். "ரெண்டு வயசு வரைக்குமா?"

"ஆமா."

"அப்போ நடக்க ஆரம்பிச்சிருப்பாளே."

செப்டம்பர் 15, ஞாயிறு

வேன் அக்கா இரண்டு பீப்பாய் தண்ணீர் கொண்டுவந்தாள். கதையைக் கேட்டதும் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "புருஷனும் பொண்டாட்டியும் சேந்து ஒரே ஒரு கைப்பிடியைத் திருப்பத் தெரியலை. உங்களுக்கெல்லாம் எப்படிடா குழந்தை பிறந்துச்சு?" இவர் காது சிவந்து ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

செத்த பாசியை முகட்டிலிருந்து கீழ்நோக்கித் தேய்த்துத் தள்ளினார். பாதி தேய்த்திருப்பார், பிரஷ் சத்தம் நின்றது. இறங்கி நேராக உள்ளே போனார். தொட்டிலை நகர்த்தினார். ஸ்டூலில் ஏறி, மேல்தட்டுப் பலகையைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

விரல் உள்ளே போயிற்று. ஊறிய பிஸ்கட்டுக்குள் போகிற மாதிரி.

பலகையைப் பிய்த்தால் பின்பக்கம் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. பாசி மாதக்கணக்காகத் தண்ணீரைப் பிடித்து வைத்து, சில்லுகளை ஊறவைத்து, அது உள்பலகை வரை இறங்கியிருக்கிறது. கீழேயிருந்து பார்த்தால் வெள்ளைப் பெயிண்ட், ஒன்றும் தெரியாது. அதன் அடியில்தான் அவள் மல்லாந்து படுத்துக் கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ சொன்னப்பவே பாத்திருக்கணும்" என்றார், ஸ்டூலில் நின்றபடியே, என்னைப் பார்க்காமல்.

இந்த வாக்கியத்துக்காக எத்தனை நாள் காத்திருந்தேன். இது வந்தால் என்ன பதில் சொல்வது என்று குளிக்கும்போதெல்லாம் ஒத்திகை பார்த்திருக்கிறேன். வந்தபோது "இறங்குங்க, ஸ்டூல் ஆடுது" என்றுதான் சொன்னேன்.

தொட்டில் இப்போது தெற்கு அறையில்.

செப்டம்பர் 16, திங்கள்

டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். உருண்டை அவர் மூக்குக் கண்ணாடியைப் பறிக்கப் பார்த்தாள்.

பூஞ்சையைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போது குரலில் ஒரு வேகம் வந்துவிட்டது. குற்றவாளியைப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்துகிற மாதிரி.

"ஈரமும் பூஞ்சையும் இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு ஆகாதுதான். கூரையைக் கண்டிப்பா மாத்துங்க. ஆனா மாத்திட்டா சத்தம் வரவே வராதுன்னு நான் எழுதித் தர மாட்டேன். சில பிள்ளைங்களுக்கு ஒவ்வொரு சளிக்கும் இது வரும். வளர வளரக் குறையும்." முகமூடி வைத்த இன்ஹேலரைக் கொடுத்து, எப்படிப் பிடிப்பது, எத்தனை மூச்சு என்று என் கையாலேயே செய்ய வைத்தார். பிறகு சாதாரணமாகக் கேட்டார். "குழந்தை துணியெல்லாம் எங்க காயப்போடறீங்க?"

வெயில் இருந்தால் வெளியே. வெயில் எங்கே இருந்தது? அவள் அறையில்தான், குறுக்கே கயிறு கட்டி.

"ஜன்னல்?"

மூடித்தான். குளிர் பட்டுவிடுமே என்று, இடுக்கில் துணிகூடச் செருகி.

ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு துணி. அதில் இருந்த தண்ணீரெல்லாம் எங்கே போயிருக்கும் என்று வேதியியல் படிக்காதவர்களுக்கும் தெரியும். மேலேயிருந்து பாசி, கீழேயிருந்து நான்.

வேனில் வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன். இறங்கும்போது இவர், "துணி காயப்போட வெளியே ஒரு சாய்ப்பு இறக்கிடலாம். தகரம் பண்ணையில கிடக்கு" என்றார். ஆறுதல் சொல்லத் தெரியாது. தகரம் எங்கே கிடக்கிறது என்று தெரியும். அதுவும் ஒரு குணம்தான்.

செப்டம்பர் 18, புதன்

காலையில் டீ குடிக்கும்போது: "நாளைக்கு அந்த ரெண்டு கிளையையும் இறக்கப் போறேன். முன்கூட்டியே சொல்லிடறேன்."

"காய்?"

"மத்த கிளையில இருக்கிறது வரட்டும். பத்தலைன்னா அடுத்த வருஷம்."

"மேல சொல்லணுமே. திட்டுவாங்களே?"

"திட்டுவாங்க."

செப்டம்பர் 19, வியாழன்

கிளைகள் விழுந்தன. பச்சைக் காயோடுதான். இவர் ஒவ்வொரு காயாகக் கையில் எடுத்து அழுத்திப் பார்த்துவிட்டு ஒரு சாக்கில் போட்டார். ஒன்றுகூடத் தேறாது என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் போட்டார். உதவி செய்யப் போனேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

பதினொரு மணிக்கு வடக்குக் கூரையில் வெயில் விழுந்தது. இந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல்முறையாக.

செப்டம்பர் 22, ஞாயிறு

தச்சர் வந்து பார்த்துவிட்டுப் போனார். வடக்குப் பாதியை முழுதாகப் பிரித்தாக வேண்டும், மூன்று வாரமாவது ஆகும், தூசியில் குழந்தை இருக்கக் கூடாது.

ஆக, அம்மா வீடுதான். நான் கேட்டதுதான் கிடைத்திருக்கிறது. பெட்டியில் துணி அடுக்க உட்கார்ந்து, மூன்று வாரத்துக்கு எடுப்பதா ஒரு வருஷத்துக்கு எடுப்பதா என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இவர் வந்து எட்டிப் பார்த்தார். நின்றார். போனார். பிறகு வந்து, "அவளோட கம்பளிச் சட்டையை எடுத்துக்கோ" என்றார். அது அடுத்த குளிருக்காக ஓர் அளவு பெரிதாக வாங்கியது.

அவர் என்ன நினைத்து அப்படிச் சொன்னார்? கேட்டிருக்கலாம். கைப்பிடி விஷயத்துக்கு அப்புறமும் கேட்க மாட்டேன் என்றால் எனக்குப் புத்தி எப்போது வரும்?

கேட்டேன்.

"ஒரு வருஷம் ஆனா தேவைப்படும்ல" என்றார். "நீ சொல்றபடிதான். அவ மூச்சுதான் முக்கியம். நான் சமாளிச்சுக்குவேன்."

சமாளித்துக்கொள்வேன் என்கிறவரின் முகம் அப்படியா இருக்கும்?

செப்டம்பர் 26, வியாழன். அம்மா வீடு.

எல்லாம் காய்ந்திருக்கிறது. சிமெண்ட் கூரை, மொட்டை மாடியில் பளீரென்று வெயில், ஒரு மணி நேரத்தில் துணி அப்பளமாகிவிடுகிறது. உருண்டையின் நெஞ்சில் சத்தமே இல்லை. அம்மா ஒரு நாளைக்கு நான்கு தரம் காதை வைத்துக் கேட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்க்கிறாள். ஜெயித்த பார்வை.

செப்டம்பர் 30, திங்கள்

மாதக் கடைசி. அம்மா கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அக்டோபர் 5, சனி

நேற்றிலிருந்து உருண்டைக்குச் சளி. இன்று காலை எட்டு மணிக்கு அந்தச் சத்தம் வந்தது. அதே பூனைக்குட்டி.

அம்மா அசைவற்றுப் போய்விட்டாள். "இங்கதான் பாசியே இல்லையேடி" என்றாள். அப்புறம் ஆரம்பித்தது. மின்விசிறியை நிறுத்தினாள். ஜன்னலை மூடினாள். நேற்று வந்து கொஞ்சிவிட்டுப் போன எதிர்வீட்டுப் பெண்ணைத் திட்டினாள். தலையணைப் பஞ்சை முகர்ந்து பார்த்தாள். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை யாராவது கழுவினார்களா என்று கீழே கேட்கப் போனாள். நான் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூரையைப் பார்த்தபடி வாசலில் நின்றவள் இப்படித்தான் இருந்திருப்பாள். பாவமாக இருந்தது. இரண்டு பேர்மேலும்.

உருண்டையை நிமிர்த்தி மடியில் உட்கார வைத்தேன். முகமூடியைப் பிடித்து, டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தபடி மூச்சை எண்ணினேன். முதலில் திமிறினாள். அப்புறம் என் முகத்தையே பார்த்தாள். என் முகத்தில் என்ன இருக்கிறது என்று படிக்கிறாள் என்று தோன்றியது. சிரித்தேன். பத்தரைக்குச் சத்தம் மெலிந்தது, மத்தியானம் கஞ்சி கேட்டு அழுதாள்.

"உனக்குப் பயமா இல்லையாடி?" அம்மா கேட்டாள்.

"கையைத் தொட்டுப் பாரும்மா."

தொட்டுப் பார்த்தாள். ஐஸ். அப்படியே பிடித்துக்கொண்டாள்.

அக்டோபர் 9, புதன்

இவர் போன். சளி வந்ததை அன்றைக்கே சொல்லிவிட்டேன். "வண்டி பிடிச்சு வரட்டுமா?" என்றார். வேண்டாம், சரியாகிவிட்டது, பயந்தேன், ஆனால் சரியாகிவிட்டது என்று மூன்றையும் சொன்னேன்.

இன்று கூரைப் பேச்சு. சில்லு அடித்து முடிந்துவிட்டதாம். உள்பலகைக்கும் கூரைக்கும் நடுவே காற்றுப் போக இடம் விட்டிருக்கிறார்களாம். தச்சர் இன்னொரு யோசனை சொல்கிறாராம். முகட்டின் நீளத்துக்குச் செம்புத் தகடு அடித்தால், மழையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வழிந்து, பாசியே பிடிக்காதாம்.

"செம்பு கரைஞ்சு எங்க போகும்?" என்றேன்.

"கீழே."

"கீழேன்னா?"

"அய்யய்யோ, தொட்டிக்கு."

"வேண்டாங்க. உருண்டை குடிக்கிற தண்ணி. நார் பிரஷ்ஷே போதும்."

"அப்போ வருஷா வருஷம் ஏறித் தேய்க்கணுமே."

"தேய்ப்போம். இந்த வருஷம் நீங்க, அடுத்த வருஷம் நான்."

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். போகவில்லை.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல" என்றார். "நீ சொன்னதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

அக்டோபர் 20, ஞாயிறு

மரவீட்டுக்குத் திரும்பி வந்து நான்கு நாளாகிறது. மத்தியானம் அம்மா போன் செய்தாள். நான் இங்கே சமையலறையில், உருண்டை தரையில் தட்டைக் கவிழ்த்துப் போட்டு அடித்துக்கொண்டிருந்தாள். வெளியே தூறல். இவர் சாய்ப்பிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அடுத்து எப்போடி வர்றே?" என்றாள் அம்மா.

"நீ வாம்மா இங்க."

"நானா? அந்தக் காட்டுக்கா? எனக்கு எங்க படுக்க இடம்?"

"வடக்கு ரூம் இருக்கு. புதுப் பலகை, மர வாசனை அடிக்குது. ஜன்னல் மட்டும் கொஞ்சம் திறந்துதான் இருக்கும், இப்பவே சொல்லிட்டேன். போத்திக்க ரெண்டு போர்வை தர்றேன்."

"குளிருமேடி. என் முழங்கால் ஒத்துக்குமா? எந்த பஸ்ல..."

அப்போது உருண்டை இருமினாள். அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். நானும் அவளைத் திரும்பிப் பார்த்தேன். இன்னொரு தரம் இருமினாள், மூக்கைக் கையால் தேய்த்தாள், மறுபடி தட்டை அடிக்கப் போய்விட்டாள்.

அந்தப் பக்கம் அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது எனக்குக் கேட்டது.

"காலையில எட்டு மணி பஸ்ஸுல ஏறும்மா" என்றேன். "இறங்கற இடத்துக்கு வேன் அக்காவை அனுப்பறேன். கொஞ்சம் வாய் ஜாஸ்தி. பயப்படாதே."